சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறீர்களா? காலையிலேயே கிளம்புங்கள்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு வரும் நம்மூர்க்காரர்கள் பலரும் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வருகிறார்கள். கண்ணில் பட்ட முதல் மாடி பாருக்குள் ஏறி, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காத சத்தத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஊருக்குப் போய், "அப்படி ஒன்றும் பிரமாதமில்லை" என்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. இந்தத் தெருவில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளைக்குப் போக வேண்டும், ஒரே மேசையில் நாளை முடித்துவிடக் கூடாது. என் அலுவலகம் இதன் அருகிலேயே இருப்பதால், சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களை அழைத்துப் போகும் வேலை என்னுடையது. அவர்களை எப்படிக் கூட்டிப்போகிறேனோ அப்படியே சொல்கிறேன்.

முதலில் இடம். எம்.ஜி. ரோட்டுக்கு இணையாக, பிரிகேட் ரோட்டுக்கும் செயின்ட் மார்க்ஸ் ரோட்டுக்கும் நடுவே ஓடும் சின்னத் தெரு இது. நீளம் முக்கால் கிலோமீட்டர்தான். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஏறி எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்குங்கள், சில நிமிட நடை. காரை எடுத்துக்கொண்டு வராதீர்கள். நிறுத்த இடம் தேடுவதிலேயே பசி அடங்கிவிடும், மாலையில் குடிக்கும் எண்ணம் இருந்தால் காரே கூடாது. 2018-இல் கருங்கல் பதித்து, நடைபாதையை அகலமாக்கி இந்தத் தெருவைப் புதிதாக்கினார்கள். 2020 நவம்பரிலிருந்து சில மாதங்கள் சனி, ஞாயிறுகளில் வண்டிகளையே விடாமல் நடப்பவர்களுக்கு மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் இங்கே நடந்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு அழகான தெரு என்று. இப்போது வண்டிகள் வருகின்றன, ஆனாலும் நடக்கச் சுகம்தான்.

காலை

செயின்ட் மார்க்ஸ் ரோடு பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே கோஷீஸ் இருக்கிறது. சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு வெளியே என்றாலும், அதைச் சேர்க்காமல் இந்தத் தெருவைப் பற்றிப் பேச முடியாது. 1940-இல் பேக்கரியாகத் தொடங்கிய குடும்பத்தின் கடை. கேரளத்து சிரியன் கிறிஸ்தவச் சமையல் ஒரு பக்கம், வெள்ளைக்காரன் காலத்து டோஸ்ட், கட்லெட் வகையறா இன்னொரு பக்கம். பத்திரிகைக்காரர்கள், நாடகக்காரர்கள், வக்கீல்கள் என்று நகரத்தின் வாய் முழுக்க இங்கேதான் தலைமுறைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஆப்பமும் ஸ்டூவும் கேளுங்கள். ஆப்பத்தின் ஓரத்தை முதலில் பிய்த்துத் தனியாகத் தின்றுவிட்டு, நடுவில் இருக்கும் மெத்தென்ற பாகத்தை ஸ்டூவில் ஊறவிடுவது என் வழக்கம். அவசரப்படுத்தாதீர்கள். பரிமாறுபவர்கள் பல வருடமாக இருப்பவர்கள், அவர்களுக்கென்று ஒரு வேகம் இருக்கிறது. கையைத் தட்டிக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், கண்ணைப் பார்த்துத் தலையசைத்தால் வந்துவிடுவார்கள். கோஷீஸில் உணவை மட்டும் பார்த்து மதிப்புப் போடுகிறவர்களோடு நான் சண்டைக்கே போவேன். உயரமான கூரை, பழைய மேசை, பக்கத்து மேசையில் நடக்கும் வாக்குவாதம் எல்லாமே அந்தக் காலை உணவில் சேர்த்திதான்.

வெளியே வந்தால் சர்ச் ஸ்ட்ரீட் முனையிலேயே கே.சி.தாஸ். கல்கத்தாவின் பெயர்பெற்ற ரசகுல்லாக் கடை. காலை உணவுக்குப் பிறகு இனிப்பா என்று கேட்காதீர்கள். ஆளுக்கு ஒரு ரசகுல்லா போதும். மிஷ்டி தோய் என்ற வங்காள இனிப்புத் தயிர் ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். குழந்தைகளும் சர்க்கரையைப் பொருட்படுத்தாத பெரியவர்களும் இந்தக் கடையைத்தான் கடைசிவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்து இந்தியன் காபி ஹவுஸ். 2009 வரை எம்.ஜி. ரோட்டில் இருந்து, பிறகு சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு வந்தது. இதன் கதை தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். அரசின் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தந்த உற்சாகத்தில் தாங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாட்டிலேயே முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் உருவானது இதே பெங்களூரில்தான். வெள்ளைச் சீருடையும் தலைப்பாகையுமாகக் காபி கொண்டுவருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தச் சரித்திரத்தின் மேல் ஒரு மரியாதை வரும். காபியும் ஒரு கட்லெட்டும் சொல்லுங்கள். "ஒந்து காபி கொடி" என்று கன்னடத்தில் கேட்டால் முகம் மலரும். தமிழில் கேட்டாலும் வேலை நடக்கும். இரவுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், சீக்கிரம் மூடிவிடுவார்கள். நல்ல எஸ்பிரசோதான் வேண்டும் என்பவர்களுக்கு மேட்டியோ காஃபியா இதே தெருவில் உண்டு. மடிக்கணினிக்காரர்கள் நிறைந்த இடம்.

மதியம்

மதியச் சாப்பாட்டை இந்தத் தெருவுக்குள் சாப்பிட வேண்டாம் என்பது என் முடிவு. பத்து நிமிடம் நடந்து ரெசிடென்சி ரோட்டுக்குப் போங்கள். நாகார்ஜுனாவில் ஆந்திரா மீல்ஸ். வாழை இலை, சூடான சாதம், பருப்பு, பொடி, நெய். சைவச் சாப்பாடு எல்லாருக்கும் வந்துவிடும், கறி வேண்டியவர்கள் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அதனால் ஒரே குடும்பத்தில் சைவமும் அசைவமும் கலந்திருந்தால் இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. எங்கள் அண்ணி சுத்த சைவம், அண்ணன் மட்டன் இல்லாமல் மதியத்தைக் கடக்க மாட்டார். இருவருக்கும் நடுவில் எந்தப் பேச்சும் எழாத மேசை அதுதான். வார இறுதியில் ஒரு மணிக்கு மேல் போனால் வாசலில் நிற்க வேண்டிவரும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். பொடியை முதலில் கொஞ்சமாகப் போட்டு, நெய்யைத் தாராளமாக விட்டுப் பிசையுங்கள். காரம் உடனே தெரியாது, மூன்றாவது வாய்க்குப் பிறகுதான் ஏறும்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். மூன்று மணி முதல் ஐந்தரை வரை வயிற்றுக்கு ஓய்வு. பிளாசம், புக்வார்ம் என்று பழைய புத்தகங்களும் புதியவையும் கலந்து விற்கும் கடைகள் இருக்கின்றன. மாடி மாடியாக அடுக்கியிருக்கும் புத்தகங்களுக்கு நடுவே நேரம் போவதே தெரியாது. குடிக்கப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள், ஆனால் கனமாக வாங்காதீர்கள். இரவு முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும்.

மாலை

கர்நாடகத்தில் பாரில் மது பரிமாற 21 வயது ஆகியிருக்க வேண்டும். இளைஞர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வாசலிலேயே கேட்பார்கள். அக்டோபர் 2 அன்றும், தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் மது கிடைக்காது. பயணத் தேதியை முடிவு செய்யும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் கூட்டிப்போவது பெக்கோஸ். 1989-இலிருந்து இருக்கிறது. பிரிகேட் ரோட்டிலிருந்து பிரியும் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில், சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு முதுகுப்பக்கம். குறுகலான படிக்கட்டு, சுவரெல்லாம் ராக் இசைக்காரர்களின் படங்கள், மர பெஞ்சு, மக்கில் ஊற்றித் தரும் டிராட் பீர். அலங்காரம் எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே வர வேண்டிய நேரம் மாலை ஐந்தரை, ஆறு. கூட்டம் சேரும் முன் ஜன்னலோரம் இடம் கிடைக்கும், எழுபதுகளின் பாட்டு மிதமாக ஓடும், பேச முடியும். பெங்களூரு "பப் சிட்டி" என்று பெயர் வாங்கிய காலத்தின் ருசி எனக்கு இந்த ஒரு கட்டடத்தில்தான் மிச்சமிருப்பதாகத் தோன்றுகிறது. பீரோடு காரசாரமான கறி வறுவல் ஏதாவது ஒன்று சொல்லுங்கள், வயிறு நிறையும் அளவுக்கு வேண்டாம். ஆளுக்கு ஒரு மக், அப்புறம் கிளம்பிவிடுங்கள்.

அடுத்து இளவட்டங்களின் இடம். சர்ச் ஸ்ட்ரீட் சோஷியல் 2014-இல் திறந்தது. இன்று பல நகரங்களில் இருக்கும் அந்தச் சங்கிலியின் முதல் கடை இதுதான். பகலில் வேலை செய்யும் இடம், இரவில் பார். என் மருமகனுக்கு இது பிடிக்கும், எனக்கு ஒன்பது மணிக்கு மேல் காது தாங்காது. ஏழரைக்குள் போனால் இரண்டு தரப்புக்கும் நல்லது.

பில் விஷயம் கொஞ்சம் கவனம். உணவுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு மாநில வரி தனி. அதனால் பில் இரண்டு பகுதியாக வந்தால் பதற வேண்டாம். ஆனால் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை இருந்தால் அது அரசாங்க வரி அல்ல. அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. குரலை உயர்த்தாமல், "இதை எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் போதும். அந்தப் பணத்தை உங்களுக்குப் பரிமாறியவர் கையில் நேரடியாகக் கொடுங்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர் அவர்.

இரவு

எல்லாம் முடிந்து பத்து மணிக்கு மேல் உண்மையான பசி எடுக்கும். அப்போது எம்பயர். 1966-இல் தொடங்கிய பெங்களூருக் கடை, சர்ச் ஸ்ட்ரீட்டிலும் ஒரு கிளை உண்டு. நெய்ச்சோறு, சிக்கன் கபாப், பரோட்டா. மற்ற சமையலறைகள் அடங்கும் நேரத்தில்தான் இங்கே சூடு பிடிக்கும். பார் ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், குழந்தையைத் தோளில் போட்ட அப்பாக்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிடுவார்கள். கபாபைச் சாப்பிடும் முன் எலுமிச்சையைப் பிழிய மறக்காதீர்கள்.

திரும்பும் வழியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கடைசி மெட்ரோ பதினொரு மணியை ஒட்டிக் கிளம்பிவிடும், பார்களோ ஒரு மணி வரை திறந்திருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டால் ஆட்டோதான். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை மீட்டரில் ஒன்றரை மடங்கு என்பது விதி. பிரிகேட் ரோடு முனையில் நெரிசலில் நின்று பேரம் பேசாமல், செயின்ட் மார்க்ஸ் ரோடு பக்கம் நடந்து வந்து ஏறுங்கள். இருசக்கர வண்டியில் வந்தவர் ஒரு மக் குடித்திருந்தாலும் சாவியைத் தொடக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

முதல் தடவை வருகிறவர்கள் டிசம்பர் 31-ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்றைக்குப் போலீஸ் தடுப்புகளும் தோளோடு தோள் இடிக்கும் கூட்டமும்தான் இருக்கும், கடைகளைப் பார்க்கவே முடியாது. செவ்வாயோ புதனோ வாருங்கள். கோஷீஸில் ஜன்னலோர மேசை கிடைக்கும்.