வெள்ளைக்காரன் ஆட்சியில வளர்ந்தோமா, தேய்ஞ்சோமா: பெங்களூர்லயே தேடிப் பார்க்கிறது எப்படி

அல்சூர்லயோ சிவாஜிநகர்லயோ நாலு தமிழ்க்காரங்க சேர்ந்து டீ குடிச்சா போதும், ஒருத்தர் "ரயில் விட்டது வெள்ளைக்காரன்தானே"ம்பார், இன்னொருத்தர் "இருந்ததையெல்லாம் சுரண்டிட்டுப் போயிட்டான்"னு எகிறுவார், அரை மணி நேரம் கழிச்சும் ரெண்டு பேரும் அதே இடத்துலதான் நிப்பாங்க. கேள்வி அவ்ளோ பெருசா இருந்தா பதில் கிடைக்காதுங்க. ஒரு தெரு, ஒரு ரயில் லைன், ஒரு சுரங்கம்னு ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு, யார் காசு, முடிவு எடுத்தது யாரு, இந்த மூணை மட்டும் கேளுங்க. பெங்களூர் இதுக்கு ரொம்ப வாகான ஊர், பழைய பேட்டை, பிரிட்டிஷ் பட்டாளத்தோட கண்டோன்மென்ட், மைசூர் ராஜாவோட அரசாங்கம் மூணும் இங்கயே பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு.

முதல்ல சிக்பேட்டை மெட்ரோல இறங்குங்க. 1537ல கெம்பேகவுடா போட்ட ஊர் இது, தானியத்துக்கு ஒரு பேட்டை, நெசவுக்கு ஒரு பேட்டைன்னு தொழில்வாரியா பிரிஞ்சு நின்ன ஊர். 1791ல பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸோட படை கோட்டையைப் பிடிச்சுது. திப்பு செத்த மறுவருஷம், 1800ல, கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பின பிரான்சிஸ் புக்கானன் வந்து இங்க என்ன நெய்யறாங்க, எதை வாங்கி எதை விக்கிறாங்கன்னு எழுதி வச்சிருக்கார். அப்போ இங்க ஒண்ணுமே இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அதுக்காகப் பொற்காலம்னும் நினைச்சுக்காதீங்க, ஓயாத போரும் வரியும் ஜனங்களைப் போட்டு வாட்டுச்சு, யார் எந்தத் தொழில் செய்யலாம்னு ஜாதிதான் முடிவு பண்ணுச்சு. இது ரெண்டையும் சேர்த்தே எழுதிக்கோங்க.

அடுத்து கண்டோன்மென்ட் ஸ்டேஷன். 1809ல பட்டாளம் இங்க வந்து உட்கார்ந்துச்சு, நம்ம ஆளுங்க நிறைய பேர் ஆற்காடு பக்கத்துலருந்து சிப்பாயா, கூலியா, கடைக்காரரா பின்னாடியே வந்தாங்க. 1864ல ஜோலார்பேட்டைலருந்து ரயில் வந்தப்போ அது போய் நின்னது இந்தக் கண்டோன்மென்ட்ல, அவ்ளோ வியாபாரம் நடந்த பேட்டைல இல்ல. அந்தக் கால ரயில் கம்பெனிகளுக்குப் போட்ட முதலுக்கு 5 சதவீதம் வருமானம் உறுதின்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருந்துச்சு, குறைஞ்சா இந்தியாவோட வரிப்பணத்துலருந்து நிரப்பணும், வாங்கிக்கிறது பெரும்பாலும் இங்கிலாந்துல இருக்கிற பங்குதாரர். ரயிலால நன்மையே இல்லன்னு நான் சொல்லல, சரக்கு போற செலவு நிஜமாவே குறைஞ்சுது. ஆனா அதைச் சொல்ற அதே மூச்சுல பில்லு கட்டினது யாருன்னும் சொல்லணும்.

மூணாவது மைசூர் அரசாங்கம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். 1799 ஒப்பந்தப்படி மைசூர் வருஷா வருஷம் 24.5 லட்சம் ரூபா பிரிட்டிஷுக்குக் கப்பம் கட்டுச்சு, அப்புறம் அது 35 லட்சமாச்சு. அதையும் கட்டிட்டு, மிச்சத்துல காவேரி மேல சிவசமுத்திரம் அருவில மின்சாரம், பத்ராவதி இரும்பாலை, சந்தன சோப்புன்னு போனாங்க. டாட்டா நினைச்ச இந்திய அறிவியல் கழகத்துக்கு (IISc), 1909ல வந்தது, 371 ஏக்கர் நிலம் குடுத்தாங்க. உள்ளூர்லயே முடிவு எடுக்க ஆள் இருந்தா கையில மிஞ்சினது எங்க போகும்னு இதுல தெரியுது.

இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. "அப்போ ராஜா ஆண்ட இடமெல்லாம் முன்னேறுச்சு, பிரிட்டிஷ் ஆண்டது பின்தங்குச்சு"ன்னு உடனே முடிவு கட்டாதீங்க, ஏன்னா பிரிட்டிஷ் நல்ல விளைச்சல் நிலமாப் பார்த்துதான் நிறைய பிடிச்சுது, அதனால ரெண்டும் சமமான ஆரம்பமே கிடையாது. பொருளாதார ஆய்வாளர் லட்சுமி ஐயர் இதைச் சமாளிச்ச விதம் அருமை, கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்துல வாரிசு இல்லாம ராஜா செத்தா சமஸ்தானத்தைப் பிடுங்கிடுவாங்க இல்லையா, வாரிசு இல்லாம போறது நிலத்தோட வளத்தைப் பார்த்து வர்றதில்ல, அதை வச்சு ஒப்பிட்டாங்க. நேரடி ஆட்சில இருந்த பகுதிகள்ல சுதந்திரத்துக்கு அப்புறமும் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரோடு கம்மியா இருந்துச்சுன்னு வந்துச்சு. இன்னொண்ணு, மைசூரைக் கணக்குல எடுக்கும்போது 1831லருந்து 1881 வரைக்கும் அங்கயும் பிரிட்டிஷ் கமிஷனர்தான் ஆண்டாங்கங்கிறதை மறந்துடாதீங்க.

வாட்ஸ்அப் ஃபார்வர்டுல சுத்துற "உலகப் பொருளாதாரத்துல இந்தியாவோட பங்கு 24 சதவீதம் இருந்தது 4 ஆச்சு" கணக்கு பொருளாதார வரலாற்று ஆய்வாளர் ஆங்கஸ் மாடிசனோடது, 1700லருந்து 1950 வரை. அது பங்கு மட்டும்தான், ஐரோப்பாவும் அமெரிக்காவும் மில்லு வச்சு ஓடினாலே நம்ம பங்கு இறங்கிடும். தலைக்கு வருமானம் எவ்ளோன்னு பாருங்க, கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே நின்னிருக்கும். அதைவிட, 1951ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 18 சதவீதம்தான், அதைப் பாருங்க.

நேரம் இருந்தா ஒரு நாள் காலையில மாரிக்குப்பம் ட்ரெயின் பிடிச்சு கோலார் தங்கவயலுக்குப் போயிட்டு வாங்க. தங்கம் எடுத்துட்டுத் தள்ளின மண்ணு மேடு மேடா இன்னும் நிக்குது. 1880லருந்து ஜான் டெய்லர் கம்பெனி நடத்துச்சு, வெட்டினவங்க பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழ்க்காரங்க. 1902ல சிவசமுத்திரம் கரண்ட் முதல்ல போனது இந்தச் சுரங்கத்துக்கு, பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது 1905ல. மைசூருக்கு ராயல்டி, லாபம் லண்டன் பங்குதாரருக்கு, கூலி நம்ம தாத்தாக்களுக்கு. தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின லைன் வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட உட்கார்ந்து, அப்பா காலத்துல கூலி எவ்ளோ, நெஞ்சுல தூசி அடைச்சவங்களுக்கு என்ன குடுத்தாங்க, பிள்ளைங்களைப் படிக்க வைக்க முடிஞ்சுதான்னு கேட்டு எழுதிக்கோங்க.