பூச்சிமருந்து புற்றுநோய் தருமா? எலிகளில் சோதிக்கும் முறை

டெல்டா வாய்க்காலில் கலக்கும் பூச்சிமருந்து புற்றுநோய் தருமா என்று பார்க்க, அந்தத் தண்ணீரையே எலிக்குக் கொடுக்காதீர்கள்; அதில் பல நஞ்சுகள் கலந்திருக்கும், கட்டி வந்தால் எதனால் என்று பிரிக்க முடியாது. தூய்மை அளந்த ஒரே மருந்தை எடுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில்.

90 நாள் முன்சோதனையில் எடை கூடுவது சுமார் 10% குறைகிற அளவுதான் உச்ச டோஸ். அதற்குக் கீழே இரண்டு டோஸ், மருந்தில்லாத குழு ஒன்று; மொத்தம் நான்கு குழு. ஒவ்வொன்றிலும் 50 ஆண், 50 பெண். ஆக 400 எலி, 24 மாதம்.

பெரும்பாலும் காலை வாருவது தீவனம். ஐப்பசி அடைமழையில் கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனம் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வரும். அதுவே ஈரலில் கட்டி உண்டாக்கும். மக்கல் வாடை அடித்தால் மூட்டையோடு ஒதுக்குங்கள். வாடை இல்லாவிட்டாலும் ஒவ்வொரு லாட்டையும் சோதியுங்கள்.

செத்த எலியை உறையவைத்தால் பனிப்படிகம் திசுவைக் கிழிக்கும். ஃபிரிட்ஜில் வைத்து, அன்றே அறுத்து, திசுவை அதன் அளவைப்போல் பத்து மடங்கு 10% ஃபார்மலினில் (திசு அழுகாமல் காக்கும் கரைசல்) போடுங்கள்.