காசிமேட்டு மீனும் முருங்கைக் கீரையும்: உணவில் கதிரியக்க மாசை அளக்கும் முறை

தெற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதால், காசிமேட்டு மீனையும் செங்கல்பட்டுப் பக்கத்துக் கீரையையும் கதிரியக்க மாசு உண்டா என்று அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் சென்னைவாசிகள் சிலருக்கு எழுவது இயல்பே. ஆனால், கதிர்வீச்சை எண்ணும் கையடக்கக் கைகர் கருவியை மீனின் மேல் பிடித்துப் பார்ப்பதால் பயனில்லை. கிலோவுக்கு 100 பெக்கரல் என்பது அந்த ஒரு கிலோ முழுவதிலும் நொடிக்கு 100 அணுச்சிதைவுகள் மட்டுமே. அவற்றுள் கருவியின் சிறு குழாயை எட்டுபவை, சுற்றுப்புறத்தின் இயற்கைக் கதிர்வீச்சில் கரைந்துபோகும். காரீயக் கவசத்துக்குள் வைத்த சோடியம் அயோடைடு அல்லது ஜெர்மேனியம் காமா நிறமாலைமானியே (காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) இதற்கு ஏற்றது.

கருவியைவிட மாதிரித் தயாரிப்பில்தான் கூடுதலாகத் தவறுகிறோம் என்பது என் எண்ணம். உண்பவருக்குள் எவ்வளவு சேரும் என்று அறிய வேண்டுமானால், சமையலுக்குச் செய்வதுபோலவே கீரையை அலசி, மீனின் தலை, குடல், முள் ஆகியவற்றை நீக்கிச் சதையை மட்டும் எடுக்க வேண்டும். இலைமேல் படிந்ததை அறிய வேண்டுமானால் அலசவே கூடாது. பொடியாக நறுக்கி, காற்றிடைவெளி இல்லாமல் குடுவையில் அழுத்தி நிரப்பி, எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். உலர்த்தினால் ஈர எடையையும் எழுதி வைப்பது அவசியம். நீர் வற்றிய கீரையில் கிலோவுக்கான அளவு பல மடங்கு உயர்ந்து வீண் பீதியைக் கிளப்பும்.

அளப்பதற்கு முன், குடுவையில் தூய நீரை நிரப்பி, மாதிரிக்கு ஒதுக்கும் அதே கால அளவுக்குப் பின்புலத்தை, அதாவது மாதிரி இல்லாதபோதும் பதிவாகும் கதிர்வீச்சை, பதிவுசெய்ய வேண்டும். சோடியம் அயோடைடு கருவியின் அளவீடு வெப்பநிலைக்கேற்ப நகரும் இயல்புடையது. சென்னை வெயிலில் ஏசி நின்றுபோனாலே நிறமாலையின் உச்சிகள் (ஒவ்வொரு கதிரியக்கப் பொருளையும் அடையாளம் காட்டும் மேடுகள்) இடம் மாறிவிடும் என்பதால், உச்சி எங்கே விழும் என்று முன்பே தெரிந்த கதிரியக்க மூலத்தைக் கொண்டு நாள்தோறும் சரிபார்க்க வேண்டும். அளவீட்டு நேரத்தை நான்கு மடங்காக்கினால்தான் புள்ளியியல் பிழை பாதியாகும்.

நிறமாலையில், அணுப்பிளவில் உருவாகும் மாசான சீசியம்-137 இன் உச்சி 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தெரியும். 1460 இல் எழுவது பொட்டாசியம்-40. இது மாசு அன்று. ஒரு கிராம் பொட்டாசியத்தில் இயற்கையாகவே ஏறத்தாழ 31 பெக்கரல் இருப்பதால், கிலோவுக்கு 15 கிராம் பொட்டாசியம் கொண்ட முருங்கைப்பொடி 465 பெக்கரல் காட்டும். சீசியம்-134 இன் 605 உச்சியோடு, மண்ணிலிருந்து வரும் பிஸ்மத்-214 இன் 609 உச்சி சோடியம் அயோடைடில் கலந்துவிடும். எனவே சீசியம்-134 இன் இன்னொரு உச்சி 796 இலும் உண்டா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். சீசியம்-137 மட்டும் சிறிதளவு தென்பட்டால், முந்தைய நூற்றாண்டின் அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமாகவும் அது இருக்கலாம்.

‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதும்போது, கருவியால் காணக்கூடிய குறைந்தபட்ச அளவையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒப்பீட்டுக்கு, ஜப்பான் 2012 ஏப்ரலில் சீசியத்துக்கு வகுத்த வரம்பு பொது உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல், பாலுக்கு 50. அணுப்பிளவில் உருவாகும் இன்னொரு மாசான அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும் என்பதால், பாலைக் கறந்த தேதியையும் குறித்து உடனே அளக்க வேண்டும். அதேபோல் அணுப்பிளவில் உருவாகும் ஸ்ட்ரான்சியம்-90 காமா நிறமாலையில் தெரியாது. அதற்கு வேதிப் பிரிப்பு செய்யும் ஆய்வகத்தையே நாட வேண்டும்.