'ஒன்லி'யை எங்கே வைப்பது?

"ஐ ஆம் ஹியர் ஒன்லி" என்றால் நம்மூரில் எல்லாருக்கும் புரியும். லண்டன்காரருக்கு இடிக்கும். 'ஒன்லி'க்கு நேரான தமிழ் 'மட்டும்'. நாமோ 'தான்' வரும் இடத்திலெல்லாம் அதையே போட்டுவிடுகிறோம்.

நினைத்த வாக்கியத்தில் 'தான்' இருந்தால், அதை எடுத்துவிட்டு 'மட்டும்' போட்டுப் பாருங்கள். பொருள் மாறவில்லையா, 'ஒன்லி' போடலாம். மாறினால் வேறு வழி தேட வேண்டும். 'இங்கேதான் இருக்கேன்' என்பது 'இங்கே மட்டும் இருக்கேன்' ஆகாது. ஆகவே 'ஐ ஆம் ரைட் ஹியர்'. 'இவர்தான் கேட்டார்' என்று ஆளைச் சுட்டினால் 'ஹி இஸ் தி ஒன் ஹூ ஆஸ்க்ட்'. 'நல்லாத்தான் இருக்கு' என்பதற்குத் தனிச் சொல்லே வேண்டாம். 'இட் இஸ் குட்' என்பதில் 'இஸ்'ஸை அழுத்தினால் போதும்.

காலத்தைச் சொல்லும்போது இந்தச் சோதனை செல்லாது. 'நேற்றுதான் வந்தேன்' என்பதற்கு 'ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே' சரியான ஆங்கிலம். 'யெஸ்டர்டே ஒன்லி' என்று புரட்டும்போதுதான் தமிழ் எட்டிப்பார்க்கிறது. 'பத்து மணிக்குத்தான் வந்தார்' என்பதற்கு 'ஹி டிட்ன்ட் கம் அன்டில் டென்' இன்னும் இயல்பு.

அடுத்த சிக்கல் இடம். 'மட்டும்' சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். 'ஒன்லி' முன்னால் நிற்கும். 'ஒன்லி ராணி லென்ட் மீ டென் ருபீஸ்' என்றால் கடன் கொடுத்தவர் ராணி மட்டும். 'ராணி லென்ட் ஒன்லி மீ டென் ருபீஸ்' என்றால் எனக்கு மட்டும். 'ராணி லென்ட் மீ ஒன்லி டென் ருபீஸ்' என்றால் பத்து ரூபாய் மட்டும். பேச்சில் ஆங்கிலேயரே 'ஒன்லி லென்ட்' என்று வினைக்கு முன் வைத்துவிட்டு, வேண்டிய சொல்லைக் குரலில் அழுத்துவார்கள். அது பிழையில்லை. ஒப்பந்தத்திலோ விண்ணப்பத்திலோ குரல் கேட்காது என்பதால், உரிய சொல்லை ஒட்டியே எழுதுங்கள்.

கடைசியில் நிற்கும் 'ஒன்லி'யும் உண்டு: 'லேடீஸ் ஒன்லி' போன்ற பலகைகள், காசோலையில் 'ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி'. பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதாமல் இருக்க, காசோலையில் அது பூட்டு.

காலமோ நிபந்தனையோ 'ஒன்லி'யோடு வாக்கியத்தின் தலையில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன் தாவும்: 'ஒன்லி தென் டிட் ஐ அண்டர்ஸ்டாண்ட்'. 'ஒன்லி தென் ஐ அண்டர்ஸ்டுட்' தேர்வில் மதிப்பெண்ணைத் தின்னும். எழுவாயையே குறித்தால் இந்தத் தாவல் கிடையாது: 'ஒன்லி ராணி கேம்'.

'ஒன்லி இஃப் யூ பே' என்றால் பணம் கட்டினால் மட்டுமே. திருப்பிப் போட்டு 'இஃப் ஒன்லி ஐ ஹேட் நோன்' என்றால் 'அப்போதே தெரியாமல் போச்சே' என்ற ஏக்கம். 'ஆன் ஒன்லி சைல்ட்' கூடப்பிறந்தவர் இல்லாத பிள்ளை. 'ஒன்லி டூ ஹாப்பி'யில் 'மட்டும்' தேடாதீர்கள். அது 'ரொம்ப சந்தோஷம்'.