டாக்டர் இன்று இருக்கிறாரா? சிறு கிளினிக்குகள் வாட்ஸ்அப்பில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

எங்கள் கிளினிக்குக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "மக்களே, டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா?" கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவரிடம் டோக்கன் மேசையைப் பார்த்துக்கொள்பவள் நான். பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரம் வந்து, அங்கே பஸ் மாறி, மூட்டு வலியோடு படியேறி வரும் ஒரு பாட்டியிடம் "டாக்டர் அவசரமாகத் திருவனந்தபுரம் போய்விட்டார்" என்று சொல்வதைப் போலக் கஷ்டமான வேலை இந்த மேசையில் வேறு இல்லை. முந்தின நாள் மாலையே அவர் பேத்தியின் போனுக்கு ஒரு வரி போயிருந்தால் அந்தப் பயணமே மிச்சம். மருத்துவர்கள் சமூக ஊடகத்துக்கு வர வேண்டுமா என்று கேட்டால், இதற்காக வர வேண்டும் என்பதுதான் என் பதில். ஆள் சேர்ப்பதற்காக அல்ல, வருகிறவர்களை வீணாக அலைய விடாமல் இருப்பதற்காக.

"விளம்பரம் செய்ததாக ஆகிவிடுமோ" என்று பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். தயக்கம் நல்லதுதான், ஆனால் விதியைப் படித்துவிட்டுத் தயங்கலாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் நோயாளிகளைத் தேடி அழைப்பதைத் தடை செய்கின்றன. அதே விதிகள் தொழில் தொடங்குவது, முகவரி மாறுவது, சில நாள் இல்லாமல் போவது, திரும்பி வருவது, கட்டணம் எவ்வளவு என்பது ஆகியவற்றைப் பத்திரிகையில் அறிவிக்க இடம் தருகின்றன. நமக்கு வேண்டியதும் இவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடகத்துக்கென்றே ஒரு பகுதி சேர்த்துப் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. நிறுத்தி வைத்தால் என்ன? நோயாளியின் படத்தைப் போடாதே, அவர் பாராட்டிப் பேசுவதைப் போடாதே, விருப்பக் குறிகளை விலைக்கு வாங்காதே என்று அதில் இருந்ததெல்லாம் நாம் கடைப்பிடிக்க வேண்டியவைதான். சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்ற மாதிரி வாசகங்கள் 1954ஆம் ஆண்டின் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டும். ஸ்கேன் வசதி உள்ளவர்கள் 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதல் விதி, வாட்ஸ்அப் குழு தொடங்கவே கூடாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். நம் மாவட்டம் சிறியது. கருங்கலில் இருப்பவருக்குக் குளச்சலில் மாமா, மார்த்தாண்டத்தில் சம்பந்தி. ஓர் எண்ணைப் பார்த்தால் "இது இன்னார் மருமகள்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். குழந்தையில்லாமைக்கோ, மனநலத்துக்கோ, தோல் நோய்க்கோ பார்க்கும் மருத்துவரின் குழுவில் ஒரு பெண்ணின் எண் இருக்கிறது என்றாலே அவள் நோய் ஊருக்குத் தெரிந்துவிடும். யாரும் ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை. போதாததற்குக் குழுவில் காலை வணக்கப் படங்கள் வரும், கட்சிச் சண்டை வரும், "என் அத்தைக்கு இந்த மாத்திரை கேட்டது" என்று ஒருவர் இன்னொருவருக்கு மருந்து சொல்லுவார். அதைக் கிளினிக்கே சொன்னதாக மக்கள் எடுத்துக்கொள்வார்கள்.

குழுவுக்குப் பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பிராட்காஸ்ட் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஆகவே டோக்கன் கொடுக்கும்போதே, போனை வாங்கி, அவர்கள் கண் முன்னால் எண்ணைச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று சேனல். நாம் சொல்லுவோம், அவர்கள் படிப்பார்கள். பின்தொடர்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. விடுமுறை, நேரம் போன்ற பொது அறிவிப்புக்குச் சேனல் போதும். "நாளை சர்க்கரைப் பரிசோதனைக்கு வருகிறீர்கள், இரவு உணவுக்குப் பின் 8 மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், பழைய சீட்டைக் கொண்டுவாருங்கள்" என்பது போன்றவை தனிச் செய்தியாகத்தான் போக வேண்டும்.

அடுத்தது அந்த எண் யாருடையது என்ற கேள்வி. ஓ.பி. (வெளிநோயாளிகள்) பதிவேட்டில் எண் இருக்கிறது என்பதற்காகச் செய்தி அனுப்பிவிடக் கூடாது. இங்கே எத்தனையோ வீடுகளில் ஒரு போனை மூன்று பேர் பார்க்கிறார்கள். கணவர் வளைகுடாவில், கொடுத்திருப்பது மாமியாரின் எண். அல்லது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் எண். கர்ப்பப் பரிசோதனை முடிவு அந்த எண்ணுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பதிவேட்டில் இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள். "இந்தப் போனை வீட்டில் வேறு யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டு ஒன்றில் எழுதுங்கள். "விடுமுறைச் செய்தி மட்டுமா, பரிசோதனை முடிவும் அனுப்பலாமா?" என்று கேட்டு இன்னொன்றில் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். கேட்கும்போது குரலைத் தாழ்த்திக் கேளுங்கள், பக்கத்து நாற்காலியில் அவர்கள் ஊர்க்காரர் உட்கார்ந்திருக்கலாம். வேண்டாம் என்று பிறகு சொன்னால் அன்றைக்கே எண்ணை எடுத்துவிட வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத்தான் கேட்கிறது. முடிவுகளை அனுப்புமுன் பெயரை மட்டும் பார்க்காமல் ஓ.பி. எண்ணையும் வயதையும் சரிபாருங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊர் இது.

போன் கிளினிக்குடையதாக இருக்கட்டும், சிம்மும் கிளினிக் பெயரில் இருக்கட்டும். டாக்டரின் சொந்த எண்ணைக் கொடுத்தால் இரவு இரண்டு மணிக்குத் தும்மலுக்கும் அழைப்பு வரும், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டு இருபடி சரிபார்ப்பு எண் வையுங்கள். படங்கள் தானாகக் கேலரியில் இறங்குவதை நிறுத்துங்கள், ஒருவரின் புண்ணைக் காட்டும் படம் ஊழியரின் பிள்ளை கையில் கிடைக்கக் கூடாது. பேக்கப் யாருடைய கூகுள் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். ஓர் ஊழியர் வேலையை விட்டுப் போகிற அன்று, இணைத்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து அவருடையதை நீக்கிவிட்டுத்தான் சம்பளக் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

என்ன போடுவது? நம் மாவட்டத்து நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டாலே வருடம் முழுக்க விஷயம் கிடைக்கும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா, சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடியே போகும் சிவாலய ஓட்டம். உள்ளூர் விடுமுறை நாளில் கிளினிக் உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். சிவாலய ஓட்டத்தன்று கல்குளம் பக்கம் சாலையில் கூட்டம் இருக்கும், "மாலைக்குப் பதில் மறுநாள் காலை வாருங்கள்" என்று முன்பே சொல்லிவிடலாம்.

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூலை 31உடன் முடிகிறது. தூத்தூர், சின்னத்துறை விசைப்படகுகள் போனால் வாரக்கணக்கில் திரும்பாது. நடுக்கடலில் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனால் எந்தக் கடையில் வாங்குவது? ஜூலை மூன்றாம் வாரத்தில் "கடலுக்குப் போகுமுன் அழுத்தம் பார்த்து, பயண நாட்களுக்கும் கூடுதலாகச் சில நாட்களுக்கும் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற ஒரு செய்தி உயிரைக் காக்கும். நான் போடுவதிலேயே எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மழையில் பால் வெட்டு நிற்கும்போது ரப்பர் மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள், அந்தத் தண்ணீரில் டெங்கு கொசு வளரும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

செய்தியை மாலையில் போடுங்கள். பால் வெட்டுபவர் விடியுமுன் தோட்டத்தில் இருப்பார், தோவாளைப் பூச்சந்தைக்காரருக்கும் அதிகாலைதான் வேலை, முந்திரித் தொழிற்சாலைப் பெண்கள் பகலில் போனைத் தொட முடியாது. நீளமாக எழுதாமல் அரை நிமிடக் குரல் பதிவாக அனுப்பினால் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் போய்ச் சேரும். மாதத்துக்கு நான்கைந்து போதும். தினமும் போட்டால் ஒலியை அடைத்துவிடுவார்கள், அப்புறம் டாக்டர் இல்லாத செய்தியும் காதில் விழாது.

இனி உள்ளே வரும் செய்திகள். தானாகப் போகும் பதிலை எந்நேரமும் இயங்கும்படி வையுங்கள். எங்களுடையது இப்படி இருக்கிறது: "இந்த எண்ணில் டோக்கன், நேரம், விடுமுறை மட்டும். பார்த்துப் பதில் சொல்ல ஒரு நாள் ஆகலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பக்கவாதம், பாம்புக்கடி, விஷம் என்றால் செய்தி அனுப்பிக் காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்." பாம்புக்கடியைத் தனியாகச் சேர்த்ததற்குக் காரணம், கடித்த பாம்பைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் அவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

புண்ணின் படமோ ரிப்போர்ட்டோ வந்தால் மேசையில் இருப்பவர் அதற்கு விளக்கம் சொல்லக் கூடாது. "பயப்பட ஒன்றுமில்லை அக்கா" என்று அன்பாகச் சொல்வதும் மருத்துவ ஆலோசனைதான். டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். அவரே போனில் மருந்து சொல்வதானால் 2020 மார்ச் 25 தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் பொருந்தும். நேரில் பார்த்த அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் என்றால்தான் அது தொடர் சிகிச்சை. அனுப்பும் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், போதை மருந்து வகைகளை எழுதக் கூடாது, எழுதியதைப் பதிவாக வைத்திருக்க வேண்டும்.

பேஸ்புக்கில் நேரம், முகவரி, கட்டணம் எழுதிய ஒரு பக்கம் போதும். இன்ஸ்டாகிராம் இல்லாமலே இருக்கலாம். யூடியூபில் பேச டாக்டருக்கு ஆசையும் நேரமும் இருந்தால் பேசட்டும், ஆனால் நோயைப் பற்றிப் பேசட்டும், தன்னைப் பற்றி வேண்டாம். கூகுள் மேப்ஸில் நேரத்தைச் சரியாக வையுங்கள். அங்கே யாராவது கோபமாக எழுதினால், "நீங்கள் செவ்வாய்க்கிழமை வந்தபோது" என்று பதில் எழுதிவிடாதீர்கள். அவர் நம்மிடம் வந்தார் என்று நாமே உறுதி செய்ததாகிவிடும். "கிளினிக் எண்ணில் பேசுங்கள், கேட்கிறோம்" என்பதோடு நிறுத்துங்கள்.

போன் இல்லாதவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள்தான் அதிகம் நோயுற்றவர்கள். சேனலில் போட்ட ஒவ்வொரு விடுமுறைச் செய்தியையும் அதே மாலை வாசல் பலகையிலும் எழுதுங்கள். பதிவேட்டில் போன் இல்லை என்று குறித்திருப்பவர்களுக்கு, அடுத்த முறை வர வேண்டிய தேதியையும் டாக்டர் இல்லாத நாட்களையும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கொடுத்தனுப்புங்கள்.