உலர்ந்த லேனுக்குப் பௌலிங் பந்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பௌலிங் லேனில், வீசுபவர் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி தூரம் உள்ளது. பொதுவான ஆட்டங்களுக்கு அதில் ஏறத்தாழ 40 அடி வரைதான் எண்ணெய் பூசுவார்கள். நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் அது இருக்கும். ஆட்டம் தொடரத் தொடர, ரியாக்டிவ் ரெசின் எனும் நுண்துளைகள் கொண்ட மேலுறையுள்ள பந்துகள் அந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்துச் செல்வதால், வழுக்கிச் செல்ல வேண்டிய பகுதியிலேயே பந்துக்குப் பிடிப்புக் கிடைத்துவிடுகிறது. இப்படி எண்ணெய் குறைந்த லேனையே உலர்ந்த லேன் என்கிறோம்.

இந்த நிலையில் நேரும் மிகப் பெரிய தவறு, பந்தின் நடத்தையைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான். உலர்ந்த லேனில் பந்து எப்போதும் அளவுக்கு மீறி வளையும் என்றே பலர் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில், மிக முன்னதாகவே உருளத் தொடங்கும் பந்து தன் ஆற்றலைப் பாதி வழியிலேயே செலவழித்துவிட்டு, பின்களை நெருங்கும்போது திரும்பும் வேகம் இன்றி, ஏறக்குறைய நேராகச் சென்று மோதுவதும் உண்டு. வலக்கை ஆட்டக்காரருக்குப் பின்வரிசையின் வலது மூலையில் உள்ள 10ஆம் பின்னும் இடக்கை ஆட்டக்காரருக்கு இடது மூலையில் உள்ள 7ஆம் பின்னும் திரும்பத் திரும்ப நிற்பது இதன் அடையாளமாக இருக்கலாம். அதைப் பார்த்து ‘பந்து போதுமான அளவு வளையவில்லை’ என்று முடிவு செய்து, மங்கலான மேற்பரப்பும் வலுவான உட்கருவும் (பந்தின் உள்ளே இருக்கும் எடைப் பகுதி) கொண்ட பந்தை வாங்குபவர் தன் சிக்கலை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். ஆகவே பந்து எங்கே போய் முடிகிறது என்பதைவிட, எந்த இடத்தில் திரும்பத் தொடங்குகிறது என்பதைக் கவனித்த பிறகே வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும். கால் வைக்கும் இடத்தை மாற்றி, எண்ணெய் மிஞ்சியிருக்கும் நடுப்பகுதி வழியாக வீசிப் பார்த்தாலே பல நேரங்களில் புதிய பந்துக்குத் தேவை இருக்காது.

பிளாஸ்டிக் பந்து ஒன்றே உலர்ந்த லேனுக்குத் தீர்வு என்பது அடுத்த தவறான எண்ணம். பாலியஸ்டர் மேலுறை கொண்ட அந்தப் பந்து ஸ்பேர் அடிக்க, அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை வீழ்த்த, மிக நல்ல கருவி. ஆனால் பாக்கெட்டில், அதாவது முதல் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் இடையே, குறைந்த கோணத்தில் நுழைவதால், சாதாரணச் சுழற்சி கொண்டவருக்கு ஸ்டிரைக் (ஒரே வீச்சில் எல்லாப் பின்களும் வீழ்வது) எளிதில் வாய்க்காது. யூரித்தேன் என்ற பொருளால் ஆன மேலுறை கொண்ட பந்தின் சீரான வளைவு பலருக்குப் பிடிக்கும். எனினும் அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக வைத்திருந்தால் அது மிக முன்னதாகவே பிடிப்புக் கண்டுவிடும் என்பதையும், வளைவு குறைவது ஆற்றல் சேமிப்பதற்குச் சமமாகாது என்பதையும் மறக்கக்கூடாது.

மெருகேற்றிய பேர்ல் வகை (முத்துப் போன்ற மினுக்கம் கொண்ட மேலுறையுள்ள) ரியாக்டிவ் பந்தையே பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பேன். ஆனால் மேலுறையின் பளபளப்பை மட்டும் பார்த்து அதை வாங்கக்கூடாது. பந்தின் எடை மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளது என்பதைக் காட்டும் ஆர்ஜி எனப்படும் அளவு விதிப்படி 2.46 முதல் 2.80 அங்குலத்துக்குள் இருக்கும்; அது உயர உயர, பந்து முழுமையாக உருளத் தொடங்குவது தாமதமாகும். பந்தின் மிக உயர்ந்த ஆர்ஜிக்கும் மிகக் குறைந்த ஆர்ஜிக்கும் உள்ள வித்தியாசமான டிஃபரன்ஷியல் அளவின் உச்ச வரம்பு 0.060 அங்குலம். இது அதிகமானால் ஒவ்வொரு சுழற்சியிலும் பந்தின் எண்ணெய் படாத புதிய பகுதி லேனைத் தொடுவதால் உராய்வு கூடும். ஆகவே ஆர்ஜி சற்று உயர்ந்தும் டிஃபரன்ஷியல் 0.030ஐ ஒட்டியும் உள்ள பந்து உலர்ந்த லேனுக்கு ஏற்றது. வீட்டில் இருக்கும் வலுவான பந்துக்கு மெருகேற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த உட்கருக் கணக்கைத்தான் தவறவிடுகிறார்கள்: மெருகு பிடிப்பைச் சிறிது தள்ளிப்போடும், ஆனால் உலர்ந்த பகுதியை அடைந்ததும் அந்தப் பந்து கட்டுப்படுத்த முடியாத அளவுக்குச் சட்டென்று திரும்பிவிடும்.

வேகமாக வீசலாம் என்பதற்காக எடையை வெகுவாகக் குறைப்பதும் வேண்டாம். இலேசான பந்து பின்களில் மோதியதும் எளிதில் விலகிவிடும்.

இன்னொருவர் கையில் அழகாக ஓடிய பந்தை அப்படியே வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. மெதுவாக வீசி அதிகம் சுழற்றுபவருக்கு மிகவும் வலுக் குறைந்த பந்து தேவைப்படும் அதே லேனில், வேகமாக வீசிக் குறைவாகச் சுழற்றுபவருக்கு நடுத்தர வலுவுள்ள பந்தே பொருந்தும். விரல் துளைகள் இடும் அமைப்பும் உட்கருவின் வலுவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பதால், உங்கள் வேகத்தையும் சுழற்சியையும் நேரில் பார்த்த துளையிடுநரிடமே அந்த வேலையை ஒப்படையுங்கள். பந்தின் மெருகு ஆட்டங்களின் போக்கில் தேய்ந்துபோகும். வாங்கிய புதிதில் தாமதமாகத் திரும்பிய பந்து முன்னதாகத் திரும்பத் தொடங்கினால், வேறு பந்து தேடுவதற்கு முன் அதன் மேற்பரப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.