தானாகக் குறைந்த டிவி சத்தம்

சீரியல் நேரத்தில் டிவி சத்தம் தானாகவே குறைந்துகொண்டிருந்தது. நான்தான் குறைக்கிறேன் என்று மனைவிக்குச் சந்தேகம். ரிமோட் அவர் தலையணையடியில் நசுங்குகிறது என்று எனக்கு. புதுப் பேட்டரி போட்டோம், டிவியை ரீசெட் செய்தோம். பலனில்லை. பேட்டரியைக் கழற்றினால் மட்டும் சத்தம் நிலைத்தது.

ரிமோட் முனையிலுள்ள சிறு விளக்கைச் செல்போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அதில் வெளிர் ஊதாவாகத் தெரியும். பின்பக்கக் கேமராவை நம்பாதீர்கள். பலவற்றில் அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. எந்தப் பொத்தானையும் தொடாமலே விளக்கு மினுக்கியது!

பிரித்தேன். சத்தம் குறைக்கும் பொத்தானின் ரப்பர், சிந்திய காபியின் சர்க்கரைப் பிசுக்கில் ஒட்டி அமுங்கியே கிடந்தது. ரப்பரைச் சோப்புநீரில் கழுவினேன். சர்க்யூட் போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். நன்றாகக் காய்ந்தபின் மூடினேன். அப்பாடா, சத்தம் வைத்த இடத்திலேயே நிற்கிறது.